ஜூமைக் கூட்டியும் குறி விழவில்லையா? ஸ்கோப் கோளாறுகளை ஒவ்வொன்றாகப் பிடிப்போம்

குமரி மாவட்டத்துத் தோவாளைப் பக்கத்தில் இருந்து ஒரு தம்பி போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏர் ரைபிளோடு எங்கள் விளைக்கு வந்தான். நாலு மடங்கு மட்டும் காட்டுகிற பழைய ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) கழற்றிவிட்டு, 4 முதல் 12 வரை ஜூம் ஆகும் 40 மி.மீ. லென்ஸ் ஸ்கோப் ஒன்றை மாட்டியிருந்தான். புதுப் பொருள் வாங்கிய சந்தோஷம் மட்டும் முகத்தில் இல்லை. "அண்ணே, நாலுல வச்சா வட்டம் சின்னதாத் தெரியுது, பன்னெண்டுல வச்சா பெருசாத் தெரியுது, ஆனா கிடந்து ஆடுது. பழசுலயே இதைவிட நல்லா விழுந்துச்சு, கேட்டியளா?"

அவன் சொன்னது எல்லாமே உண்மைதான். ஜூம் என்பது உங்கள் கண்ணுக்கும் காகிதத்துக்கும் நடுவே நடக்கிற சங்கதி, பெல்லட்டுக்கு (ஏர் ரைபிளின் ஈயக் குண்டு) அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ரைபிள் ஒரே மாதிரி நின்றால் 4-ல் வைத்துச் சுட்டாலும் 12-ல் வைத்துச் சுட்டாலும் அது ஒரே வழியில்தான் போகும். இலக்கைப் பெரிதாகக் காட்டும்போது உங்கள் கை நடுக்கம், தப்பாக வைத்த கன்னம், சூட்டில் அலையும் காற்று எல்லாவற்றையும் அதே மடங்குக்குப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

இங்கே எழுதுவதெல்லாம் 0.177 ஏர் ரைபிளுக்கு, 10 முதல் 25 மீட்டர் தூரத்தில் காகித இலக்குக்கு. 2016 ஆயுத விதிகளின்படி துளை 0.177 அங்குலத்துக்கும் சக்தி 20 ஜூலுக்கும் மேல் போகாத ஏர் ரைபிளுக்குத்தான் லைசென்ஸ் தேவையில்லை. கொக்கு அடிக்கவும் வௌவால் அடிக்கவும் யோசனை கேட்கிறவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம், 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. இலக்குக்குப் பின்னால் பழைய துணி இறுகத் திணித்த மரப்பெட்டி வையுங்கள். வெறும் காம்பவுண்டு சுவரில் சுட்டால் ஈயம் தெறித்துத் திரும்பி வரும், எங்கள் வீட்டில் ஒரு ஜன்னல் கண்ணாடி அப்படித்தான் போயிற்று.

முதலில் காகிதத்தைப் பாருங்கள்

எந்தக் கோளாறாக இருந்தாலும் இதைச் செய்யாமல் ஸ்கோப்பில் கை வைக்காதீர்கள். ரைபிளை மணல் மூட்டை மேல் வைத்து, ஒரே புள்ளியைக் குறிபார்த்து ஐந்து பெல்லட் சுடுங்கள். முதல் பெல்லட் எங்கே விழுந்தது என்று பார்த்து இரண்டாவதுக்குக் குறியை மாற்றவே கூடாது. நம்மில் முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் கூடி, ஆனால் நடுவை விட்டுத் தள்ளி விழுந்திருந்தால் அது விலகல். டரட்டை, அதாவது ஸ்கோப்பின் மேலும் பக்கத்திலும் இருக்கும் திருகுக் குமிழை, திருப்பினால் தீரும். ஐந்தும் திசைக்கு ஒன்றாக விழுந்திருந்தால் அது சிதறல், அதை எந்த டரட்டும் தீர்க்காது. சிதறலுக்கு டரட்டைத் திருகுவது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை மாற்றுகிற மாதிரி.

"ஜூமைக் கூட்டினால் கிராஸ்ஹேர் நடுங்குகிறது"

ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கோடுகள்தான் கிராஸ்ஹேர். அதன் நடுக்கம் கூடவில்லை. 4-லும் அதே நடுக்கம்தான் இருந்தது, உங்களுக்குத் தெரியவில்லை. 12-ல் மூச்சு ஒரு அலையாகவும் நாடித்துடிப்பு ஒரு சின்னக் குதியாகவும் தெரியும். தெரிவதோடு நின்றால் பரவாயில்லை, அதைப் பார்த்துப் பயந்து ஆள் என்ன செய்வான் என்றால், கிராஸ்ஹேர் நடுப்புள்ளியைத் தாண்டும் அந்த நொடியைப் பிடித்துவிடலாம் என்று ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பான். அந்த இழுப்பில் ரைபிள் நகரும் அளவு, நடுக்கத்தைவிடப் பெரிது. ஜூம் கூடியதால் குறி கெட்டது என்று சொல்வதில் இந்த ஒரு அர்த்தம் மட்டும் உண்டு: அது கெடுப்பது உங்கள் விரலை.

சோதிக்க வழி இருக்கிறது. மணல் மூட்டையில் வைத்து 4-ல் ஐந்து, 12-ல் ஐந்து சுடுங்கள். அப்புறம் மூட்டை இல்லாமல் கையில் பிடித்து அதே மாதிரி ஐந்து, ஐந்து. மூட்டையில் இரண்டும் ஒரே அளவு கூடி, கையில் மட்டும் 12-ல் விரிந்தால் ஸ்கோப்பைக் குறை சொல்லாதீர்கள். கையில் பிடித்துச் சுடும்போது 10 மீட்டருக்கு 4 முதல் 6, 25 மீட்டருக்கு 6 முதல் 9, அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

நம்ப முடியவில்லை என்றால் ஒலிம்பிக்கைப் பாருங்கள். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப் மாட்டவே கூடாது, ஒரு சின்ன ஓட்டை வழியாக முன்னால் உள்ள வளையத்தைப் பார்த்துச் சுட வேண்டும். கறுப்பு வட்டத்தின் விட்டம் 30.5 மி.மீ., அதற்குள் பத்து மதிப்பெண் புள்ளி அரை மி.மீ. மட்டுமே. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டில் 10.8 எடுத்துத் தங்கம் வாங்கியது இப்படி ஜூமே இல்லாத ஓட்டை வழியாகத்தான்.

"தலையை லேசாக அசைத்தால் கிராஸ்ஹேர் இலக்கின் மேல் ஊர்கிறது"

இதுதான் பாரலாக்ஸ். நம்ம ஊரில் மாட்டியிருக்கும் ஸ்கோப்புகளில் நான் பார்த்தவரை பாதிக்குப் பாதி இந்தக் கோளாறுதான், ஆனால் யாரும் இந்தப் பெயரைச் சொல்லி வருவதில்லை. "ஒரு நாள் நல்லா விழுது, மறுநாள் விழ மாட்டேங்குது" என்றுதான் வருவார்கள்.

இலக்கின் பிம்பமும் கிராஸ்ஹேரும் ஸ்கோப்புக்குள் ஒரே தளத்தில் விழ வேண்டும். விழாவிட்டால், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்து டிரைவரின் ஸ்பீடாமீட்டரைப் பார்க்கிற மாதிரி, கண் எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்து முள் வேறு எண்ணைக் காட்டும். பெரிய துப்பாக்கிகளுக்காகச் செய்த ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்குப் பொருந்தும்படி பாரலாக்ஸ் வைத்து வருகின்றன. அதை வாங்கிக் கொண்டுவந்து 10 மீட்டரில் சுட்டால் என்ன ஆகும்? கணக்கு லேசானது. முன் லென்ஸின் விட்டத்தில் பாதியை எடுங்கள், 40 மி.மீ. லென்ஸுக்கு 20. 91-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம் 81, அதை 91-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 18 மி.மீ. கண் ஓரத்துக்குப் போனால் குறி அவ்வளவு தூரம் வரைக்கும் பொய் சொல்லலாம். போட்டிக் காகிதத்தின் கறுப்பு வட்டத்தில் நடுவில் இருந்து விளிம்புக்கே 15 மி.மீ. சொச்சம்தான். கிராஸ்ஹேர் நடுவில் நிற்பதாக நீங்கள் சத்தியம் செய்துகொண்டிருக்க, ரைபிள் வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஜூமைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேலே நான் சொன்னதாக எடுத்துக்கொண்டவர்கள் இங்கே கொஞ்சம் நிற்கவும். லென்ஸ் அளவை ஜூமால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளி வட்டத்தின் அளவு கிடைக்கும். 40-ஐ 4-ஆல் வகுத்தால் 10 மி.மீ. வெயிலில் நம் கண்மணி 2, 3 மி.மீ.தான் திறந்திருக்கும். அப்படியென்றால் 10 மி.மீ. வட்டத்துக்குள் கண் எங்கே வேண்டுமானாலும் உலாத்தலாம், படம் முழுதாகத் தெரியும், நிழல் எதுவும் வராது, தப்பு நடப்பதே தெரியாது. 12-ல் வட்டம் 3.3 மி.மீ.தான். கண் கொஞ்சம் நகர்ந்தாலும் கறுப்பு நிழல் வந்து எச்சரித்துவிடும். ஜூமைக் குறைத்தால் பாரலாக்ஸ் ஒளிந்துகொள்ளும், போய்விடாது.

ரைபிளை மூட்டையில் ஆடாமல் வைத்து, கையால் தொடாமல், தலையை மட்டும் மேலும் கீழும் இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். கிராஸ்ஹேர் காகிதத்தில் ஊர்ந்தால் நோய் அதுதான். முன் லென்ஸைச் சுற்றியோ ஸ்கோப்பின் இடப்பக்கத்திலோ தூரம் எழுதிய வளையம் இருந்தால் அதிக ஜூமில் வைத்து, ஊர்வது நிற்கும்வரை அதைத் திருப்புங்கள். வளையத்தில் எழுதியிருக்கும் எண்ணை நம்பவே நம்பாதீர்கள், என்னுடையதில் 25 மீட்டர் வருவது 35 என்று எழுதிய இடத்தில். அங்கே கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்திருக்கிறேன். அப்புறம் ஜூமை உங்களுக்கு வசதியான அளவுக்கு இறக்கிக்கொள்ளலாம்.

அந்த வளையமே இல்லாத ஸ்கோப் என்றால் கன்னத்தை ஒவ்வொரு தடவையும் ரைபிளின் கட்டையில் ஒரே இடத்தில் வைப்பது ஒன்றுதான் வழி. ஒரு தந்திரம்: படத்தைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரிகிற அளவுக்குத் தலையைப் பின்னால் இழுங்கள். அந்த வளையம் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக இருந்தால் கண் நடுவில் இருக்கிறது. பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

"பாதி நிலா மாதிரி கறுப்பு நிழல் விழுகிறது"

கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் உள்ள தூரம் சரியில்லை. பெரும்பாலான ஸ்கோப்புகளுக்கு இது மூன்று, மூன்றரை அங்குலம். ஜூம் கூடும்போது பலவற்றில் இந்தத் தூரம் குறையும், அதனால் 4-ல் வைத்து மவுண்டை (ஸ்கோப்பை ரைபிளோடு பிணைக்கும் பிடி) முறுக்கிவிட்டு 12-க்குப் போனால் நிழல் வரும். மவுண்டின் ரிங் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, ஜூமை உச்சத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் ஏற்றிக் கன்னத்தை வையுங்கள். கண்ணைத் திறந்ததும் படம் முழுதாகத் தெரிகிற இடத்துக்கு ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தி முறுக்குங்கள்.

சாயங்காலம் ரப்பர் தோட்ட நிழலில் படம் இருட்டாக இருக்கிறது என்றால் அதற்கு மேலே சொன்ன ஒளி வட்டம்தான் காரணம். இருட்டில் கண்மணி விரிந்து நிற்கும், 12-ல் வருகிற 3.3 மி.மீ. அதற்குப் போதாது. 6-க்கு இறக்குங்கள்.

கிராஸ்ஹேரே மங்கலாகத் தெரிந்தால் கண்ணருகே உள்ள வளையத்தைத் திருப்ப வேண்டும். வெள்ளைச் சுவரையோ வானத்தையோ (சூரியன் பக்கம் போகாமல்) இரண்டே வினாடி பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிடுங்கள், திருப்புங்கள், மறுபடி இரண்டு வினாடி. வெறித்துப் பார்த்துக்கொண்டே திருப்பினால் மங்கலுக்குக் கண் தன்னைச் சரிக்கட்டிக்கொள்ளும்.

"கூடித்தான் விழுகிறது, ஆனால் இடம் தப்பு"

நல்ல செய்தி இது. டரட்டில் கால் மோவா (MOA, கோணத்தை அளக்கும் ஒரு அலகு) என்று போட்டிருந்தால் ஒரு கிளிக்குக்கு 100 கஜத்தில் ஏறக்குறைய 7 மி.மீ. நகரும். 10 மீட்டரில் அதே கிளிக் 0.7 மி.மீ.தான், 25 மீட்டரில் 1.8. பெல்லட் ஒன்றரை சென்டிமீட்டர் வலதுபக்கம் விழுகிறது, நாலு கிளிக் திருப்பினேன், ஒன்றும் ஆகவில்லை, ஸ்கோப் செத்துவிட்டது என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். 10 மீட்டரில் அதற்கு 20 கிளிக் வேண்டும்.

ஜூமை மாற்றினால் இடம் மாறுகிறது என்பது வேறு கதை. ஒரே புள்ளியைப் பார்த்து 4-ல் ஐந்து, 12-ல் ஐந்து சுடுங்கள், இரண்டு கூட்டமும் தள்ளித் தள்ளி விழுந்தால் ஸ்கோப்பின் உள்வேலை மட்டம். திருத்த முடியாது. எந்த ஜூமில் ஜீரோ செய்தீர்களோ (குறிபார்த்த இடத்திலேயே பெல்லட் விழும்படி டரட்டைச் சரிசெய்வது) அதிலேயே சுட வேண்டியதுதான். ஆனால் நடுவை வைக்காமல் கீழே உள்ள புள்ளிகளை வைத்துக் குறிபார்க்கிறவர்களுக்கு நல்ல ஸ்கோப்பிலும் இது நடக்கும். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் ஜூம் மாறினாலும் கிராஸ்ஹேர் அதே அளவிலேயே நிற்கும். 9-ல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 25 மீட்டரில் 2.5 செ.மீ. இடைவெளி என்றால், பாதி ஜூமில் அதே இடைவெளி 5 செ.மீ. ஆகிவிடும். அது கோளாறே இல்லை, கணக்கு.

10 மீட்டரில் ஜீரோ செய்துவிட்டு 5 மீட்டரில் டப்பாவைச் சுட்டால் ஒன்றரை சென்டிமீட்டர் கீழே விழும். ஸ்கோப் பேரலுக்கு நாலு சென்டிமீட்டர் மேலே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவு பக்கத்தில் பெல்லட் இன்னும் பார்வைக் கோட்டுக்கு ஏறி வந்திருக்காது. விட்டுவிடுங்கள்.

"காலையில் ஜீரோ, மத்தியானம் காணோம்"

ஸ்பிரிங் ரைபிளா? அப்படியானால் முதலில் ஆலன் கீயை எடுங்கள். ஸ்பிரிங் ரைபிள் ட்ரிகரை இழுத்ததும் முதலில் பின்னால் உதைக்கும், உள்ளே பிஸ்டன் போய் நின்றதும் முன்னால் உதைக்கும். பெரிய துப்பாக்கி ஸ்கோப்புகள் பின் உதையைத் தாங்கச் செய்தவை, முன் உதையை அவை எதிர்பார்ப்பதில்லை. நான் முதலில் வாங்கிய ஸ்கோப்பை, ஏர் ரைபிளுக்கு அருமையாக இருக்கும் என்று சொல்லித்தான் தலையில் கட்டினார்கள். இரண்டு டப்பா பெல்லட் முடிவதற்குள் கிராஸ்ஹேர் கடிகார முள் மாதிரி பத்து மணிக்கும் நாலு மணிக்கும் சாய்ந்து நின்றது. நானோ அந்த ஒரு மாதமும் என் கையைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மவுண்ட் பின்பக்கம் ஊர்ந்திருக்கிறதா என்று பார்க்க, ரைபிளின் மேல் காடியில் மவுண்ட் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு இருபது பெல்லட் சுடுங்கள். கோட்டை விட்டு நகர்ந்திருந்தால் காடியில் உள்ள எண்ணெயைத் துடைத்துவிட்டு, மவுண்டுக்கு அடியில் உள்ள தடுப்பு ஆணியை ரைபிளில் அதற்கென்று இருக்கும் குழியில் உட்காரவைத்து முறுக்குங்கள். ரிங் ஸ்க்ரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக. முழு பலத்தையும் காட்டினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களையும் மறக்காதீர்கள், முக்கால்வாசி நேரம் ஆடுவது அவைதான்.

இன்னொன்று, பேரலை மடக்கி லோடு செய்யும் ரைபிள்களில் பேரல் நுனி லேசாகக் கீழே தொங்கியிருக்கும். மேலே தூக்கத் தூக்க டரட்டைத் திருப்பிக்கொண்டே போய்க் கடைசியில் முட்டும். அந்த முனையில் ஸ்கோப்புக்கு உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்குப் பிடிப்பு இருக்காது, அதனால் சிதறும். டரட்டை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, பின் ரிங்குக்கு அடியில் பழைய கேமரா ஃபிலிமில் ஒரு துண்டு வெட்டி வையுங்கள்.

எல்லாம் இறுக்கியும் சரியாகவில்லை என்றால் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு ரைபிளோடு வந்த குறிமுள்ளை (சைட்) வைத்து ஐந்து சுடுங்கள். அதில் கூடினால் ஸ்கோப் போய்விட்டது. அதிலும் சிதறினால் பெல்லட்டை மாற்றிப் பாருங்கள், அப்புறம் பிடியை. ஸ்பிரிங் ரைபிளை இறுக்கிப் பிடிக்கவே கூடாது, இடது உள்ளங்கையில் சும்மா கிடக்க வேண்டும்.

"பக்கவாட்டில் மட்டும் சிதறுகிறது"

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டுவைத்திருப்பது சும்மா இல்லை. ஆனி, ஆடியில் தோவாளை, பூதப்பாண்டிப் பக்கம் வெட்டவெளியில் சுடுகிறவர்கள் ஸ்கோப்பைக் குறை சொல்வதற்கு முன் தென்னை ஓலையைப் பார்க்கவும். பெல்லட்டின் எடை அரை கிராம். வினாடிக்கு 200 மீட்டரில் கிளம்பும் பெல்லட்டை, குறுக்கே வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று 25 மீட்டருக்குள் 3 செ.மீ.க்கு மேல் தள்ளிவிடும். 10 மீட்டரில் அரை சென்டிமீட்டர் சொச்சம்தான். ஆகவே 10-ல் கூடி 25-ல் பக்கவாட்டில் பரந்தால் காற்றுதான், 12 மடங்கு என்ன, 24 மடங்கு ஜூம் வைத்தாலும் நிற்காது. விடியற்காலையில் சுடுங்கள், இல்லை என்றால் வாழைத்தோப்பு மறைவுக்குள் போங்கள்.

எப்போதும் ஒரே பக்கம், கொஞ்சம் கீழேயும் விழுந்தால் ரைபிளைச் சாய்த்துப் பிடிக்கிறீர்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டை 10 மீட்டரில் தொங்கவிட்டு, செங்குத்துக் கோடு அந்த நூலோடு ஒட்டி நிற்கும்படி பிடித்துப் பழகுங்கள்.

மத்தியானம் மொட்டை மாடியில் சுடுகிறவர்களுக்கு 12-ல் இலக்கு தண்ணீருக்குள் கிடப்பது மாதிரி நெளியும். சூடான தளத்தில் இருந்து எழும் காற்று அது. ஜூமைக் குறைத்தால் நெளிவு கண்ணை உறுத்தாது, ஆனால் படம் அசைவது அசைந்துகொண்டுதான் இருக்கும்.

"உள்ளே பனி பிடித்திருக்கிறது"

வெளி லென்ஸில் என்றால் ஏசி காரில் இருந்து வெளியே எடுத்ததால் வந்தது, பத்து நிமிடத்தில் போய்விடும். உள்ளே என்றால் சீல் போய்விட்டது, திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் சுட்டு முடித்ததும் உப்பைத் துடைத்துவிட்டு ஸ்க்ரூக்களுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடவும். இல்லை என்றால் அடுத்த ஐப்பசி மழைக்குள் ஆலன் கீ உள்ளே போகாது.

தோவாளைத் தம்பிக்கு என்ன ஆயிற்று என்றால், பாரலாக்ஸ் வளையம் 100-ல் நின்றிருந்தது, பின் ரிங்கில் ஒரு ஸ்க்ரூ விரலாலேயே திரும்பியது. இரண்டையும் சரிசெய்து 6-ல் வைத்துக் கொடுத்தேன். ஐந்தும் ஒரு ரூபாய்க்குள் வந்தது. அப்புறமும் அவன் ஒவ்வொரு குண்டுக்கும் ஜூமை 12-க்கு ஏற்றிக்கொண்டுதான் இருந்தான், எதற்கு என்றால், காகிதம் வரை நடக்காமல் ஓட்டையை எண்ணுவதற்கு.